துவைக்கிற கல்

குழந்தை அழுகிற சத்தம் கொல்லையிலிருந்து வந்தது. இதில் என்ன அதிசயம் என்று யாரும் கேட்கலாம். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அழுகை கேட்காமல் பாட்டுக் கச்சேரியா கேட்கும்? ஆனால் அருள்மேரியின் குழந்தை கொல்லையில் இல்லை. கூடத்தில், அவள் கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், பழைய நூல் புடவையைக் கட்டிய தூளிக்குள் கிடந்தது. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் மடியிலிருந்ததை அப்படியே தரையில் கொட்டிவிட்டு எழுந்து தூளியை விலக்கிப் பார்த்தாள். ஜெரால்டு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, முகம் சிவக்க, வாயை அகலத் திறந்து வீறிட்டுக்கொண்டிருந்தான். அந்த வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. சத்தம் சமையலறையைத் தாண்டி, கொல்லைக் கதவுக்கு வெளியே, துவைக்கிற கல் கிடக்கிற பக்கத்திலிருந்து வந்தது.

அவள் குழந்தையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். அதன் நெஞ்சு விம்மும்போது வெளியே அழுகை அடங்கியது. நெஞ்சு இறங்கும்போது வெளியே அழுகை எழுந்தது. மழை பெய்து ஓய்ந்த ஐப்பசி மாதத்துச் சாயங்காலம், கேம்ப் ரோட்டில் பஸ் ஹாரன் அடிப்பதும் பக்கத்து வீட்டில் குக்கர் கூவுவதும் தினமும் கேட்கிற மாதிரியே கேட்க, அதற்கு நடுவில் தன் பிள்ளையின் குரல் தன் தோளில் இல்லாமல் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பதை அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். தாழ்ப்பாளைத் தள்ளிக் கதவைத் திறந்தாள். கல் இருந்தது. கல்லின் மேல் ஊறப்போட்ட துணி வாளி இருந்தது. வேறு யாரும் இல்லை. கதவு திறந்த நொடியில் அழுகை நின்றுவிட்டது. தோளில் குழந்தை சன்னமாக ஒருமுறை முனகியது.

காது அடைத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். வேறு என்னத்தைச் சொல்லிக்கொள்வாள், பாவம். கல்யாணமாகி எட்டு வருஷம் வேளாங்கண்ணிக்கும் பெரியபாளையத்துக்கும் மாறி மாறி நேர்ந்துகொண்டு, மாமியார் வீட்டுப் பேச்சையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு, கடைசியில் இந்த ஜூன் மாதம்தான் அந்தப் பிள்ளை அவள் மடிக்கு வந்தது. அதற்கு ஒன்று என்றால் அவளுக்கு உயிர் நிற்காது. அது அவளுக்கும் தெரியும், அவள் புருஷன் துரைக்கும் தெரியும், தெருவுக்கே தெரியும்.

மறுநாள் பக்கத்து வீட்டுக் காமு மதில் மேல் எட்டிப் பார்த்துக் கேட்டாள். அவள் நல்ல மனுஷி, வம்புக்குக் கேட்கிறவள் இல்லை. "ஏன் மேரி, குழந்தைய எதுக்குக் கொல்லையில போட்டு வெச்சிருந்தே? மத்தியானம் பூரா அழுதுண்டே இருந்துது. பூச்சி பொட்டு வர்ற இடம்."

மத்தியானம் முழுக்கக் குழந்தை மேரியின் மார்பில்தான் கிடந்தது. சத்தமே போடாமல், சமர்த்தாகக் கிடக்கிறதே என்று அவள் சந்தோஷப்பட்டுக்கொண்டல்லவா இருந்தாள்!

டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவர் டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்துவிட்டு, தொண்டையில் ஒன்றுமில்லை, மழைக்காலம், குரல் கம்மியிருக்கும், வந்துவிடும் என்று சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். வரவில்லை. நாளுக்கு நாள் போய்க்கொண்டேதான் இருந்தது. முதலில் அழுகை போனது. பிறகு சிரிப்பு போனது. தூக்கத்தில் குழந்தைகள் எழுப்புகிற சின்னச் சின்னக் குறட்டை கூடப் போய், அவள் நிமிஷத்துக்கு ஒருதரம் அதன் மூக்கின் கீழ் விரல் வைத்துப் பார்க்க ஆரம்பித்தாள். மூச்சும் குறைந்துகொண்டு வருவதாக அவளுக்குத் தோன்றியது. துணிகளில் வேறு ஒரு தொல்லை. அலசிப் பிழிந்து உலர்த்திய குழந்தைத் துணியை மடிக்கும்போது பொடிப்பொடியாக மணல் உதிர்ந்தது. அவர்கள் குடியிருந்த சேலையூரில் மண் சிவப்பு. இது வெளுத்த மஞ்சள், மாவு மாதிரி நைசு. மழைநாளில் கையில் எடுத்தால் சுட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் துவைத்துக்கொண்டிருந்தபோது பார் சோப்பு கை நழுவிக் கல்லுக்கு அடியில் போய்விட்டது. இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கிச் சிமெண்டு பூசி, அதன் மேல் படுக்க வைத்த கல் அது. நடுவில் அடிப்பக்கம் பொந்து மாதிரி இருக்கும். அவள் முட்டி போட்டுக் கையை உள்ளே விட்டுத் துழாவினாள். ஒரு வாரமாக ஊரே நனைந்து கிடக்கிறது, அந்த இடம் மட்டும் காய்ந்து, சித்திரை மாதத்து மொட்டைமாடி போலக் கொதித்தது. தோல் வார், பழைய வியர்வை, எதுவோ கருகின வாடை மூக்கில் ஏறியது. சோப்பு அகப்படவில்லை. விரல் மேலே கல்லின் அடிப்பாகத்தில் பட்டது. அங்கே கல் வழவழவென்று இருந்தது. வழவழப்பில் பள்ளங்கள். பள்ளங்களுக்கு உருவம் இருந்தது. அவள் விரலை ஓட்டினாள். தி. ரு. ம். பா. எழுத்து தடவத் தடவ நீண்டது. திரும்பாதவர்கள்.

அப்போது ஏதோ அவள் விரலைச் சப்பியது. வெதுவெதுப்பாக, பால் தேடுகிற குழந்தையைப் போல, மெதுவாக.

கையை உருவிக்கொண்டு அவள் எப்படி வீட்டுக்குள் வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

அந்தக் கல்லை அவளுக்குத் தெரியும். கல்யாணமான வருஷத்திலிருந்து ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் பார்த்திருக்கிறாள். சேலையூரைத் தாண்டி ஏரிக்கரை ஓரமாக, துரையின் குடும்பத்துக்கென்று சொந்தமாக ஒரு கல்லறைத் தோட்டம் இருந்தது. ஆள் மறைகிற மதில், பத்துப் பதினைந்து கல்லறை, ஒரு வேப்பமரம். மூலையில் கறுப்புக் கல் ஒன்று ஆள் உயரத்துக்கு நிற்கும். வெள்ளைக்காரன் காலத்துச் சண்டைக்குப் போய் ஈராக்கில், பாஸ்ராப் பாலைவனத்தில் மாண்டுபோன அந்த வீட்டு ஆண்கள் நாலு பேரின் பெயர், திரும்பாதவர்கள் என்ற தலைப்பின் கீழே, அதில் வெட்டியிருக்கும். உடம்பு வரவில்லை. உடுப்பு கூட வரவில்லை. கல்தான் அவர்களுக்குக் கல்லறை.

திருநாள் அன்று மற்றக் கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். அந்தக் கல்லுக்கு மட்டும் வேறு முறை. பெண்களெல்லாம் மதிலுக்கு வெளியே போய்விட வேண்டும். பட்டாளத்தில் காலையில் பெயர் கூப்பிடுவதுபோல வீட்டுப் பெரியவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். அந்த ரத்தத்தில் பிறந்த ஆண்பிள்ளை ஒருவன் அந்தப் பெயருக்கு "ஆஜர்" என்பான். செத்தவர்களுக்கு வாய் இல்லை, வருஷத்தில் ஒரு தரம் நம் வாயைக் கொடுக்கிறோம் என்று அவள் மாமனார் சொல்வார். அவர் போய்விட்டார். பங்காளிகளும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். மிஞ்சியது துரை மட்டும். முறையும் அவர்களோடு நின்றுபோனது.

போன ஏப்ரலில் ஊரெல்லாம் மனை போட்டு விற்றுக்கொண்டிருந்தபோது துரையும் அந்த இடத்துக்குக் கையெழுத்துப் போட்டான். எலும்புகளை மூட்டை கட்டிச் சர்ச் கல்லறையில் ஓர் ஓரமாகப் புதைத்தாகிவிட்டது என்று சொன்னான். கல்லைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. பிள்ளை பிறந்த வாரம்தான் துவைக்கிற கல் வீட்டுக்கு வந்தது. கல் வேண்டும், கல் வேண்டும் என்று மாதக்கணக்காக அவனைப் பிடுங்கி எடுத்தவளும் அவள்தானே.

துரை திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் வெல்டர். இரும்புத்தூள் வாடையோடு சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றியவனிடம் அவள் சுற்றி வளைக்காமல் கேட்டாள். அவனும் மறைக்கவில்லை. மறைக்கிற அளவுக்கு அது ஒரு விஷயமென்றே அவனுக்குத் தோன்றவில்லை.

"நல்ல கல்லு மேரி. அங்கியே கெடந்து மண்ணா பூடும். உனுக்காவது ஒதவட்டுமேன்னு எட்தாந்தேன்."

"பேரு போட்ட கல்லுங்க அது. அது மேல நான் பீத்துணி தொவைச்சிட்டு கீறேன்."

"பேரு அடியில கீது. நீ தொவைக்கிறது முதுகு மேல." சொல்லிவிட்டு அவன் சிரித்தான். "பட்டாளத்துல எத்தினி அடி வாங்கியிருப்பானுங்க. இதுகூட தாங்க மாட்டானுங்களா?"

அவள் சிரிக்கவில்லை. குழந்தையை அவன் மடியில் போட்டாள். அவன் அதன் பாதத்தைச் சுண்டினான். வாய் திறந்தது, முகம் சுருங்கியது, கண்ணில் நீர் பொங்கியது. அழுகை கொல்லையில் கேட்டது. துரையின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. இரண்டாம் தரம் சுண்டினான். கொல்லையில் இன்னும் பலமாகக் கேட்டது. இந்தத் தடவை அழுகைக்குப் பின்னால் யாரோ பெரிய ஆள் தொண்டையைக் கனைக்கிற மாதிரியும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை கல்லறைத் திருநாள். அன்றைக்கு அந்த நாலு பேருக்கும் செய்கிற முறையைச் செய்துவிட வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். கல்லைப் பெயர்த்துத் திருப்பி நிறுத்தத் துரை கடப்பாரை போட்டுப் பார்த்தான், சிமெண்டு விடவில்லை. ஆள் கிடைக்கட்டும், திருநாள் போய் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றான். குழந்தைக்கு ஞாயிறு வரை மூச்சு இருக்குமா என்று அவள் கேட்டாள். கல் எப்படிக் கிடக்கிறதோ அப்படியே இருக்கட்டும், நீ பெயரைக் கூப்பிடு, நான் ஆஜர் சொல்கிறேன் என்று கடைசியில் ஒத்துக்கொண்டான்.

திருநாள் அன்று விளக்கு வைக்கிற நேரம். தூறல். அவள் கல்லை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவி, சாமந்தி மாலை சாத்தி, நாலு மெழுகுவத்தி ஏற்றினாள். காற்றுக்கு அவை அணையவில்லை. தீ நிமிர்ந்தே நின்றது. துரை கல்லின் மேல் ஏறி நின்றான். பயத்தை அவளிடம் காட்டிக்கொள்ளக் கூடாதென்றோ என்னவோ வாயில் பாக்கைப் போட்டு மென்றுகொண்டு, விறைப்பாகக் கைகளைத் தொங்கவிட்டு, சினிமா சிப்பாய் மாதிரி நெஞ்சை நிமிர்த்தினான். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"சவரிமுத்து."

"ஆஜர் சார்."

"ராயப்பன்."

"ஆஜர் சார்." இதில் விளையாட்டு கொஞ்சம் குறைந்திருந்தது.

"சின்னப்பன்."

"ஆஜர்."

"ஆரோக்கியம்."

அவன் வாய் திறந்தது. பாக்கு வெளியே விழுந்தது. "ஆஜர்" என்ற சொல் கொஞ்சம் தாமதித்து, எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல வந்தது.

அந்த நொடியில் அவள் இடுப்பிலிருந்த குழந்தை வீறிட்டது. சொந்த வாயால், சொந்தக் குரலால், காது கிழிகிற மாதிரி. மேரிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. மாதாவே, மாதாவே என்று அதன் கன்னத்திலும் கழுத்திலும் மாறி மாறி முத்தமிட்டாள். பசியாக இருக்கும் என்று உள்ளே ஓடி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பால் கொடுத்தாள். குழந்தை சப்புக்கொட்டுகிற சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது! அதையே கேட்டுக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தாள். வெளியே மழை வலுத்தது. கரண்ட் போனது. சேலையூரில் மழை என்றால் கரண்ட் போவது ஒன்றும் புதிதில்லை. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் துரை இன்னும் உள்ளே வரவில்லை என்பது உறைத்தது.

கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. எழுந்து சமையலறை ஜன்னல் வழியாகக் கொல்லையைப் பார்த்தாள். கொட்டுகிற மழையில் நாலு மெழுகுவத்தியும் எரிந்துகொண்டிருந்தன. துரை கல்லின் மேல் அதே விறைப்போடு நின்றுகொண்டிருந்தான். சட்டை நனையவில்லை. தலைமுடி நனையவில்லை. அவன் தோளிலிருந்து மஞ்சள் மணல் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவளுக்கு மாமனார் ஒருமுறை விட்ட கன்னத்தறை நினைவுக்கு வந்தது. கல்யாணமான புதிது. ஆவடியிலிருந்து வரவேண்டிய பங்காளி ஒருவன் இருட்டுகிற வரை வரவில்லை. மதிலுக்கு வெளியே பெண்களெல்லாம் கால் கடுக்க நின்றார்கள். நானே இரண்டு பேருக்கும் ஆஜர் சொல்லிவிடுகிறேனே, வீட்டுக்குப் போகலாம் என்று துரையின் சித்தப்பா மகன் உள்ளே சொன்னான். மாமனார் அவன் கன்னத்தில் விட்ட அறை மதிலுக்கு இந்தப் பக்கம் கேட்டது. பெண்களுக்குச் சிரிப்பு வந்தது. அறைக்குப் பிறகு கிழவர் சொன்னதும் கேட்டது. ஒரு வாய்க்கு ஒருத்தன்தான். அவன் பேசிவிட்டுப் போய்விடுவான். இரண்டாவது ஆளுக்கும் கொடுத்தாயானால் வாய் உன்னிடம் திரும்பி வராது. வீட்டுக்கு வரும் வழியில் துரை அதைச் சிரித்துத் தள்ளியிருந்தான்.

அவள் நாலு பேருக்குக் கொடுக்க வைத்துவிட்டாள்.

கொல்லைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். தாழ்ப்பாள் பாதியில் சிக்கியது. தள்ளினாள். விழுந்தது. குரோம்பேட்டைக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டும். இப்போதே. ஒரு துண்டில் குழந்தையைச் சுற்றினாள். பையைத் தேடினாள். பை வேண்டாம். வாசலுக்கு ஓடினாள்.

நடைச் சத்தம் கேட்டது. கொல்லையிலிருந்து, வீட்டைச் சுற்றிய சந்து வழியாக. ஓர் ஆள் நடக்கிற சத்தம் இல்லை. பல பூட்ஸ் கால்கள், ஒரே சீராக. துரைக்குப் பூட்ஸ் கிடையாது.

வாசல் கதவைத் திறந்தாள். அவன் எதிரே நின்றான். அவன் மட்டும்தான் நின்றான். நடை அவனோடு நின்றது.

அவள் பின்வாங்கினாள். அவன் உள்ளே வந்தான். ஈரமில்லாத கால்கள் தரையில் மணலை விட்டு வந்தன. வெக்கை அடித்தது. கருகின வாடை. கதவு அவன் முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. அவள் கூடத்தின் மூலையில், தூளிக்குப் பின்னால், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். "ஏங்க" என்றாள். "ஏங்க, நான்தாங்க மேரி."

அவன் அவளைப் பார்க்கவில்லை. வரிசையில் நிற்கிற ஆட்களைப் பார்ப்பதுபோல நேரே பார்த்தான். வாய் திறந்தது.

"சவரிமுத்து."

அதே வாய் பதில் சொன்னது. கிழட்டுக் குரல். "ஆஜர்."

"ராயப்பன்."

இளங்குரல், தொண்டையில் மண் அடைத்த மாதிரி. "ஆஜர்."

"சின்னப்பன்."

"ஆஜர்." அழுகிற குரல்.

"ஆரோக்கியம்."

"ஆஜர்." இந்தக் குரலில் அழுகை இல்லை, வயது இல்லை. வன்மம் மட்டும் இருந்தது.

மழை. இருட்டு. பிறகு, "துரை."

யாரும் பதில் சொல்லவில்லை.

"துரை."

அவள் காத்திருந்தாள். கர்த்தரே, ஒரு முனகல். ஒரு மூச்சு. தன் புருஷனின் குரலில் ஒரே ஒரு எழுத்து. வரவில்லை. அந்த உடம்புக்குள் துரை இல்லை.

தலை மெல்லத் திரும்பியது. அவளைப் பார்த்தது. நாலு குரலும் ஒன்றாகச் சேர்ந்து பேசின.

"எங்க மூஞ்சியில பீத்துணி தொவைச்சீங்க."

"தெரியாதுங்க," என்றாள் மேரி. "சத்தியமா தெரியாதுங்க சாமி. அவரை விட்டுருங்க. என்னை எடுத்துக்கங்க."

அவள் சொன்னதை அது காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. பெண்ணின் வாய் அவர்களுக்கு எதற்கு? அந்த ரத்தத்தில் இன்னும் ஓர் ஆண்பிள்ளை பாக்கி இருந்தான். அவள் கையில்தான் இருந்தான். அது அவளுக்குப் புரிந்த நேரத்தில், அந்த வாய் மறுபடி திறந்தது.

"ஜெரால்டு."

அவள் உள்ளங்கையால் குழந்தையின் வாயைப் பொத்தினாள்.

"ஜெரால்டு."

இன்னும் இறுக்கிப் பொத்தினாள். குழந்தை திமிறியது. காலை உதைத்தது. மூக்கை விட்டுவிட்டுப் பொத்தினாள். ஒண்ணுமில்லடா கண்ணு. ஒண்ணுமில்ல. பேசாதே. ஐந்து மாதக் குழந்தை என்ன பேசும்? பேசாதுதான். அதற்குப் பேச்சு ஏது. அவள் இறுக்கினாள்.

"ஜெரால்டு."

திமிறல் நின்றது. குழந்தை அசையாமல் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தது. அதன் உதடுகள் அவள் உள்ளங்கைக்குக் கீழே மெதுவாகப் பிரிந்தன. சூடான மணல் அவள் விரலிடுக்கில் வழிந்தது. பிறகு அவள் சதையில், மேலும் கீழுமாக, வரிசை தப்பாமல், முப்பத்திரண்டு பல் அழுந்தியது.